ஒரு சொல் விழுங்கிய ஊருணிகள்

(புதுக்கோட்டைத் தமிழன்பர்கள் கூட்டிய திங்கட் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்துவடிவம்)



ஆங்கிலச் சொல் ஒன்றை எடுத்து, அதன் பல பொருள்களையும் ஆட்சிகளையும் விளக்கிப் பேசவேண்டும் என்று இக்கூட்டத்தை நடத்துவோர் எனக்குப் பணித்துள்ளனர். தமிழ்க் கூட்டத்தில் ஆங்கிலச் சொல்லுக்கு என்ன வேலை என்று உங்களுட் சிலர் முகஞ்சுளிப்பதை இங்கிருந்தே காண்கின்றேன். நம் வீட்டிற்குள் ஒருவன் வந்து குடிபுகுந்துவிட்டான் என்றால், அவன் யார், எவ்வூரான், எந்தெந்த அறைகளைப் பற்றிக்கொண்டான், அவ்வறைகளில் முன்பிருந்தோர் எங்கே போயினர் என்று கேட்பது வீட்டுக்குரியவனின் கடமையன்றோ? அம்முறையில்தான் 'டேங்க்' என்னும் சொல்லை இன்று உங்கள்முன் நிறுத்துகின்றேன். டகரம் தமிழில் மொழிமுதல் ஆகாது. ககர மெய் ஈறாகவும் ஆகாது. தலையும் வாலும் நம் இலக்கணத்திற்கு ஒவ்வாத சொல் இது. ஆயினும் நம் மாவட்டத்தில் இச்சொல் நுழையாத தெரு ஒன்றுண்டோ?

காலையில் ஓர் அம்மையார், "டேங்கில் தண்ணீர் ஏறவில்லை" என்கின்றார். அஃது ஊராட்சியின் மேல்நிலை நீர்த்தொட்டி. அவர் மகன், "டேங்க் வற்றிப்போயிற்று, நூறு உருவா கொடுங்கள்" என்கின்றான். அஃது ஈருருளியின் எண்ணெய்க்கலம். ஒன்றிய அலுவலகத்துப் பொறியாளர், "இந்த டேங்குக்கு ஆயக்கட்டு எவ்வளவு?" என்று வினவுகின்றார். அது கண்மாய். புதுவீடு கட்டுவோர், "டேங்கை எந்த மூலையில் தோண்டலாம்?" என்று கொத்தனாரைக் கேட்கின்றனர். அது மலக்குழி. இரவில் தொலைக்காட்சி, "டேங்குகள் எல்லைக்கு விரைந்தன" என்கின்றது. அது குண்டு பொழியும் இரும்பு ஊர்தி. குடிக்கும் நீரும், கழிக்கும் நீரும், கன்னெய்யும், கொலைக்கருவியும் ஒரே சொல்லுக்குள் அடங்கிக் கிடக்கின்றன. கேட்போர் இடம்நோக்கிப் பொருளை உணர்ந்துகொள்கின்றனர் என்பது மெய்தான். ஆனால் அவ்வாறு உணரும்பொழுது நாம் எதை இழந்துவிட்டோம் என்பதை உணர்வதில்லை.

ஒரு சொல்லுக்குப் பல பொருள் இருப்பது குற்றமன்று. அதை முதலிலேயே சொல்லிவிடுகின்றேன். அவ்வியல்பு எல்லா மொழிக்கும் உண்டு. திரிசொல்லை வகுக்கப் புகுந்த தொல்காப்பியர், ஒரு பொருளுக்குப் பல சொல் வருவதையும் பல பொருளுக்கு ஒரு சொல் வருவதையும் சுட்டியிருக்கின்றார். நம் 'கால்' என்னும் சொல்லை நோக்குக. உறுப்பும் கால், காற்றும் கால், நான்கில் ஒரு கூறும் கால், நீர் ஓடும் வாய்க்காலும் கால். இவை தமிழன் தன் கண்ணால் கண்டு, தன் வாயால் கிளைக்கவைத்த பொருள்கள். ஆங்கிலேயனும் அங்ஙனமே தன் மொழியில் தன் சொல்லைக் கிளைக்க விடுகின்றான். அவனைப் பழிப்பதற்கு ஒன்றுமில்லை.

ஆனால் 'டேங்க்' அவன் சொல்தானா? இங்குத்தான் சுவை பிறக்கின்றது.

ஆங்கிலேயர் இந்நாட்டிற்கு வணிகராக வந்தபோது அவர் மொழியில் இச்சொல் வேரூன்றியிருக்கவில்லை. மேலைக் கடற்கரையில் குசராத்திகளும் மராத்தியரும் நீர் சேர்த்து வைக்கும் நிலத்தடித் தொட்டியை 'டாங்க்கு', 'டாங்க்கே' என்றாற்போன்ற சொற்களால் வழங்கினர். அவர்க்கு முன்பே வந்திருந்த போர்த்துக்கீசியரிடம், நீரைத் தடுத்து நிறுத்துதல் என்னும் பொருளுள்ள வினையடியாகப் பிறந்த 'தாங்க்கே' என்னும் சொல் இருந்தது. இவற்றுள் எது முந்தியது, எது எதனோடு கலந்தது என்பது அறிஞர்க்குள் தீராத வழக்கு. யூலும் பர்னெலும் 1886இல் வெளியிட்ட 'ஆப்சன்-சாப்சன்' என்னும் ஆங்கில-இந்தியச் சொற்களஞ்சியம் இவ்வழக்கை விரிவாகவே எடுத்துரைக்கின்றது. ஒன்று தெளிவு: இச்சொல் ஆங்கிலேயனின் தாய்வீட்டுச் சீர் அன்று, நம் கடற்கரையில் அவன் எடுத்துக்கொண்டது.

இவ்விடத்தில் நம் அன்பர் சிலர் துள்ளி எழுவர். "தாங்கு, தாங்கல், தேங்கு என்பன தமிழன்றோ? 'டேங்க்' தமிழினின்று பிறந்ததே!" என்பர். வடதமிழ்நாட்டில் ஐயப்பன்தாங்கல், பழவந்தாங்கல் என ஊர்ப்பெயர்களில் வரும் தாங்கல், நீரைத் தாங்கி நிற்கும் சிற்றேரியைக் குறிப்பது மெய்யே. ஒலியும் பொருளும் நெருங்கி வருவதும் மெய்யே. ஆயினும் ஒலியொப்புமை ஒன்றையே கொண்டு உறவு முடித்துவிட்டால், நாளை நம் அறந்தாங்கியையும் 'டேங்க்' என்று ஒருவன் சொல்லக்கூடும். சான்று கிடைக்கும்வரை பொறுத்திருப்பது தமிழுக்கு இழுக்கன்று. அரைகுறைச் சான்றோடு நாம் அவைக்கு ஏறினால் நகைப்பவன் மாற்றானே.

சரி, ஆங்கிலேயன் இச்சொல்லை ஏன் எடுத்தான்? அவன் நாட்டில் ஆண்டு முழுதும் தூறல் விழும். மூன்று திங்கள் பெய்யும் மழையை ஒன்பது திங்களுக்குக் கட்டிவைத்து உழவு செய்யவேண்டிய தேவை அவனுக்கு இல்லை. ஆகலின் மண்கரை எழுப்பி, மடை வைத்து, கலிங்கு கட்டி, வயலுக்கு நீர்விடும் ஏரிக்கு அவன் மொழியில் பெயரே இல்லை. இயற்கையாய் அமைந்த பெருநீர்நிலைக்கும், வாத்து நீந்தும் குட்டைக்கும் அவனிடம் சொற்கள் இருந்தன. நம் ஏரிக்கு இல்லை. இல்லாததை இரவல் வாங்கினான். அறிவுடைய செயலே. பின்பு அவ்விரவற் சொல்லை இந்நாடு முழுதும் கொண்டுசென்று, கண்ட நீர்நிலைக்கெல்லாம் சூட்டினான். சென்னை மாகாண அரசு 1883இல் ஏரிச் செப்பனீட்டுத் திட்டத்தைத் தொடங்கியபோதும் அதன் பெயரில் இச்சொல்லே அமர்ந்தது. ஈழத்தில் நம்மவர் இரணைமடுக்குளம், வவுனிக்குளம் என்று வழங்குவனவும் ஆங்கில வரைபடங்களில் இச்சொல்லையே தாங்கின. மயிலாப்பூரையும் நுங்கம்பாக்கத்தையும் ஒட்டி நெடிது கிடந்த ஏரியை அவன் 'லாங் டேங்க்' என்று எழுதினான். 1920களில் அதன் பரப்பைத் தூர்த்துத்தான் தியாகராய நகர் எழுந்தது. இன்று அங்கே துணி வாங்கச் செல்வோர் எத்தனை பேருக்கு, தாம் நிற்பது ஏரியின் வயிறு என்று தெரியும்?

இனி இச்சொல் போர்க்களம் புகுந்த கதையைக் கேளுங்கள். முதல் உலகப் போரில் அகழிகளைக் கடந்து செல்லக்கூடிய இரும்பு ஊர்தி ஒன்றைப் பிரித்தானியர் கமுக்கமாய்ச் செய்தனர். முதலில் அதை 'நிலக்கப்பல்' என்றே பேசிவந்தனர். அப்பெயர் மறையை வெளிப்படுத்திவிடுமே! இலிங்கன் நகரத் தொழிற்சாலையில் அந்தப் பேருருவைக் காண்போர் யாது நினைப்பர்? மெசொப்பொத்தேமியப் பாலைக்குத் தண்ணீர் கொண்டுபோகும் கலம் என்று ஒரு கதையைக் கட்டிவிட்டனர். சில ஊர்திகளின்மேல் பெத்ரோகிராடுக்கு அனுப்பப்படுவது என்று உருசிய மொழியிலும் எழுதிவைத்தனர். கதைக்குப் பொருந்தும் பெயராக, 1915 திசம்பரில், சுவிண்டன் என்னும் படையலுவலரும் அவர் துணைவரும் 'டேங்க்' என்பதைத் தேர்ந்தனர். 1916 செப்தம்பர் 15ஆம் நாள் பிரான்சின் சொம் ஆற்றுப் போர்க்களத்தில் அவ்வூர்தி முதன்முதலாய் இறங்கிற்று. பொய்யாய்ச் சூட்டிய பெயர் மெய்ப்பெயராய் நிலைத்துவிட்டது. நம் மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கியதும் அதே 1916 என்பதை இளந்தோழர்கள் குறித்துக்கொள்க. தேர்வில் கேட்கமாட்டார்கள், ஆயினும் குறித்துக்கொள்க. பின்னர் 1965இல் நம் ஆவடித் தொழிற்சாலையிலிருந்தே 'விசயந்தா' என்னும் போரூர்தி வெளிவந்தது. நீர்நிலைப் பெயர் இங்கிருந்து புறப்பட்டுச் சென்று, இரும்புடை பூண்டு திரும்பி வந்தது என்க.

எஞ்சியவற்றை விரைந்து சொல்லிவிடுகின்றேன். அறிஞர் கூடி அரசுக்கு வழிசொல்லும் நிறுவனத்தை ஆங்கிலேயர் 'திங்க் டேங்க்' என்பர். முற்காலத்தில் அத்தொடர் மூளையைக் குறித்த விளையாட்டுப் பேச்சே. மிகக் குடித்தவனை 'டேங்க்' ஆனவன் என்பர். குடிகாரரைப் பிடித்து இரவு அடைத்துவைக்கும் சிறையறைக்கும் அமெரிக்கரிடம் இப்பெயருண்டு. ஆட்டத்தில் வேண்டுமென்றே தோற்பதும், முயற்சி ஒன்று வீழ்ந்துபோவதும் இச்சொல்லே வினையாய் நின்று குறிக்கும் பொருள்கள். நீச்சற்குளத்தில் உடுத்திய உடையின் சாயலில் வந்த கையில்லா மேலாடைக்கும் இப்பெயரே ஒட்டிற்று. இவையெல்லாம் அவர்கள் மொழியின் வளர்ச்சி. வாழ்க!

நம் கதைக்கு வருவோம். நாம் இழந்தது யாது?

தென்வெள்ளாறு நம் மாவட்டத்தின் நடுவே ஓடுகின்றது. அதன் வடபால் கோனாடு, தென்பால் கானாடு. சோழர்க்கும் பாண்டியர்க்கும் எல்லையாய் நின்ற ஆறு அது. ஆகவே நீர்நிலைப் பெயர்களும் இங்கே இருநாட்டு வழக்காய்க் கலந்து நிற்கின்றன. சோழநாட்டு வழக்கில் ஏரி என்றும் குளம் என்றும் வருவது, பாண்டிநாட்டு வழக்கில் கண்மாய் என்று வரும். இம்மாவட்டத்தில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட நீர்நிலைகள் உள. பெரும்பகுதியும் காவிரி பாயாத இவ்வறண்ட செம்மண்ணில் மக்கள் குடியிருக்க முடிந்ததே இவற்றால்தான். இத்தனையையும் எண்ணிக்கையாய் எழுதும்போது அரசுக் குறிப்புகள் 'டேங்க்' என்று ஒரே சொல்லில் முடித்துவிடும். நம் முன்னோர் அங்ஙனம் முடிக்கவில்லை.

கண்மாய் என்பது வயலுக்கு. கண்வாய் என்பதே கண்மாய் ஆயிற்று என்பர். நீர் வெளியேறும் வாய்க்குரிய பெயர் முழுநிலைக்கும் ஆகிவந்தது. ஆக, கண்மாய் என்று சொன்ன அளவிலேயே மடையும் அதன் கீழ்க் கிடக்கும் வயலும் நினைவிற்கு வரவேண்டும். நகரை அடுத்துள்ள கவிநாட்டுக் கண்மாய் நம் பெருங்கண்மாய்களுள் ஒன்று. கவிநாடு என்பது கல்வெட்டுகளிலேயே காணப்படும் பழைய நாட்டுப்பெயர்.

ஊருணி என்பது குடிநீருக்கு. ஊரால் உண்ணப்படுவது ஊருணி. அதில் மாட்டைக் குளிப்பாட்டமாட்டார்; துணி வெளுக்கமாட்டார்; கால்கழுவமாட்டார். ஏன்? பெயரே சட்டமாய் நின்றது. ஒப்புரவைப் பாடிய வள்ளுவர், உலகம் விரும்ப வாழும் பேரறிவாளனின் செல்வத்துக்கு நீர்நிறைந்த ஊருணியை உவமையாக்கினார். கண்மாயை அவர் எடுக்கவில்லை என்பதை நோக்குக. கண்மாய் நீருக்கு வயலுடையவனே உரியவன். ஊருணி நீருக்கு வாயுடைய அனைவரும் உரியர். அவ்வேறுபாடு தெரிந்தவர்க்கே அவ்வுவமையின் ஆழம் புலப்படும். "நிரம்பிய டேங்க் போன்றவன்" என்று அதைப் பெயர்த்தால் எப்படியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள். அமெரிக்கன் அவனைக் குடிகாரன் என்றெண்ணிக்கொள்வான்!

ஏந்தல் என்பது மேட்டினின்று ஓடிவரும் நீரை ஏந்திக்கொள்வது. குளம் என்பது இங்கே குளிக்கவும் ஆகும், கோயிலுக்கும் ஆகும். நகரில் சாந்தநாதர் கோயிலை ஒட்டிய பல்லவன்குளம் அத்தகையது. தொண்டைமான் அரசில் 1878 முதல் 1894 வரை ஆட்சிப் பொறுப்பிலிருந்த திவான் சேசையா சாத்திரியார் நகரின் குளங்களைச் செப்பனிட்டதை இவ்வூர் வரலாறு நன்றியோடு சொல்லும். குட்டை மாட்டுக்கு. கேணி சிறிது, ஆழமுடையது. சுனை பாறையில் ஊறுவது. நார்த்தாமலையிலும் சித்தன்னவாசலிலும் சென்று காண்க. பொய்கை தானே அமைந்தது. அச்சித்தன்னவாசற் குடைவரையின் விதானத்தில் தாமரையும் மீனும் யானையும் அன்னமும் பூப்பறிப்போரும் தீட்டப்பட்ட ஓவியம் உலகப்புகழ் பெற்றது. 9ஆம் நூற்றாண்டில், சீமாறன் சீவல்லபன் காலத்தில், மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் அக்கோயிலைப் புதுப்பித்ததை அங்குள்ள கல்வெட்டு சொல்கின்றது. அத்தாமரைப் பொய்கையையும் ஆங்கில நூல்கள் சில 'லோட்டசு டேங்க்' என்றே எழுதுகின்றன. அன்னம் நீந்தும் பொய்கைக்கும் மொட்டைமாடித் தொட்டிக்கும் ஒரே பெயர்!

இவை முழுமைக்குரிய பெயர்கள். உறுப்புகளின் பெயர்களுக்கு வந்தால் இன்னும் வியப்பு. நீரைக் கொணர்வது வரத்து வாய்க்கால். மிகுநீரை வழியவிடுவது கலிங்கு. வயலுக்கு விடுவது மடை. அதுவே மதகு என்றும் தூம்பு என்றும் வழங்கும். நம் மாவட்டத்துக்குச் சிறப்பாய் உரியது குமிழி. கண்மாயின் உட்பரப்பில், கரையிலிருந்து சற்றே விலகி, இரண்டு கற்றூண்களும் அவற்றை இணைக்கும் குறுக்குக் கற்களும் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். கோயில் இடிந்து கிடக்கின்றது என்று எண்ணிப் போவோரும் உண்டு. அன்று, அது நீர்ப்பொறி. தூண்களுக்குக் கீழே கல்லாலான தொட்டி. அத்தொட்டியிலிருந்து கரைக்கு அடியில் நிலத்தடிச் சுருங்கை வழியே நீர் வயலுக்குச் செல்லும். மேலே உள்ள துளையை அடைத்த கல்லைக் கழியால் தூக்கினால் நீர் குமிழியிட்டு இறங்கும், ஆகலின் குமிழி. அதில் நீரோடித் துளை ஒன்று, சேறோடித் துளை வேறொன்று. நீர் செல்லும்போதே அடியில் படிந்த வண்டலும் ஓரளவு வெளியேறி வயலுக்கு எருவாகும். அக்கற்றூண்கள் பலவற்றில் குமிழியைச் செய்வித்தவர் பெயர் வெட்டப்பட்டிருக்கின்றது. இந்நாட்டுக் கல்வெட்டுப் பாடங்களைப் புதுக்கோட்டை அரசு 1929இல் தொகுத்து வெளியிட்டது, புரட்டிப் பாருங்கள். கோயிலுக்கு விளக்கு வைத்தவன் பெயரோடு, கண்மாய்க்குக் குமிழி வைத்தவன் பெயரும் ஒப்ப நிற்கும்.

நாட்டரசு 1948 மார்ச்சில் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தது. 1974 சனவரி 14இல் புதுக்கோட்டை தனி மாவட்டமாயிற்று. ஆட்சி மாறிற்று, ஆவணத்தின் சொல் மாறவில்லை. நாற்பது எக்டேரும் அதற்கு மேலும் பாசனப் பரப்புள்ளது பொதுப்பணித் துறையின் 'டேங்க்'; அதற்குக் குறைந்தது ஊராட்சி ஒன்றியத்தின் 'டேங்க்' என்று பகுத்தனர். அளவு கொண்டு பகுத்தனரேயன்றிப் பயன்கொண்டு பகுக்கவில்லை. ஊருணிக்குப் பாசனப் பரப்பு ஏது? ஏந்தலுக்குப் பட்டியல் ஏது? 2007இல் தமிழ்நாட்டரசு, நீர்நிலைகளைக் காக்கவும் வன்கவர்வை அகற்றவும் ஒரு சட்டம் செய்தது. அச்சட்டம் கருதிய 'டேங்க்', பொதுப்பணித் துறையின் ஆளுகையில் இருந்த ஏரி, கண்மாய்களே. சிற்றூரின் ஊருணியும் குட்டையும் அவ்வேலிக்கு வெளியே நின்றன. ஒரு சொல்லின் பொருளை எங்கே வரையறுக்கின்றோமோ, அங்கேதான் காவலும் நிற்கும், தோழர்களே!

ஊருணிகள் என்னாயின என்று கண்ணெதிரே காண்கின்றோம். குழாய் வந்தது, மேல்நிலைத் தொட்டி வந்தது, நகருக்குக் காவிரியிலிருந்தே குடிநீர் வருகின்றது. அவற்றை வேண்டாமென்பேன் அல்லேன்; குடமேந்தி நடந்த பெண்களின் இடுப்பு வலி எனக்குத் தெரியும். ஆனால் குழாய் வந்த அன்றே ஊருணிக்குத் தெருச் சாக்கடையைத் திருப்பிவிட்டோம். 'பழைய டேங்க்' என்று ஆகிவிட்டபின் அதில் எதைக் கொட்டினால் என்ன? ஊருணி என்ற பெயர் வாயிலிருந்து போகாதிருந்தால், அதில் குப்பை கொட்டக் கை கூசியிருக்கும். சொல் போனதால் நீர் போயிற்றா, நீர் போனதால் சொல் போயிற்றா என்று கேட்பீராயின், இரண்டும் கைகோத்தே போயின என்பேன்.

ஆயினும் சொல்லின் அழகிலேயே மயங்கி நிற்பவனும் அல்லேன் யான். ஊர் உண்பது ஊருணி என்றோமே, எவ்வூர்? ஊருக்கும் சேரிக்கும் வேறு வேறு துறை வைத்திருந்தவர்கள் நாமல்லவா? மராட்டிய நாட்டின் மகாடு ஊரில், பொதுக்குளத்து நீரை ஒடுக்கப்பட்ட மக்கள் அள்ளக்கூடாது என்று தடுத்தனர். 1927 மார்ச்சு 20இல் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோரை அழைத்துச் சென்று அந்நீரை அள்ளிப் பருகினார். ஆங்கில நூல்களில் அந்நிகழ்ச்சியும் 'சவுதார் டேங்க்' என்றே பதிவாகியுள்ளது. அதற்குத் தொண்ணூற்றைந்து ஆண்டுகள் கழித்து, 2022 திசம்பரில், இதே புதுக்கோட்டை மாவட்டத்தில், அன்னவாசல் ஒன்றியத்து வேங்கைவயலில் என்ன நடந்தது? ஒடுக்கப்பட்ட மக்கள் குடிக்கும் மேல்நிலை நீர்த்தொட்டியில் மாந்தக் கழிவு கலக்கப்பட்டிருந்தது. குழந்தைகள் நோயுற்றபின்பே அது வெளிப்பட்டது. அவ்வூர்த் தேநீர்க்கடையில் இரட்டைக் குவளை இருந்ததும் அப்பொழுதே அம்பலமாயிற்று. குற்றம் செய்தார் யார் என்பதை முறைமன்றம் சொல்லட்டும். ஊரார் அனைவரும் உண்ணும் ஒரே ஊருணி என்னும் சொல்லுக்கு உரிய பொருளை நாம் இன்னும் அடையவில்லை என்பதை மட்டும் யான் சொல்வேன். நீர்நிலையின் தூய பெயரை மீட்கின்றோம் என்று புறப்படுகின்ற நாம், அந்நீரை யார் மொண்டாலும் தூய்மை கெடாது என்பதையும் சேர்த்தே மீட்டாக வேண்டும். சாதியைச் சுமந்துகொண்டு தனித்தமிழ் பேசுவதில் என்ன பயன்?

மலக்குழிக்கும் இது பொருந்தும். 'செப்டிக் டேங்க்' என்னும்போது ஏதோ பொறியியற் கருவிபோல் ஒலிக்கின்றது. மலக்குழி என்று சொல்லுங்கள். அதனுள் ஒரு மாந்தனை இறக்குகின்றோம் என்பது உடனே நெஞ்சில் தைக்கும். 2013ஆம் ஆண்டுச் சட்டம் அதைக் குற்றமென்று தடுத்தபின்னும், நச்சுக்காற்றுத் தாக்கி மலக்குழிக்குள் மடிந்தோர் தமிழ்நாட்டில் உளர். நாளிதழ்களில் அச்செய்தி வரும்போதெல்லாம் 'டேங்க் துப்புரவுப் பணி' என்று மென்மையாக எழுதுவதைக் கண்டு நான் வெதும்புவதுண்டு.

"அப்படியாயின் 'டேங்க்'குக்கு நேரான ஒரு தமிழ்ச்சொல் தருக" என்று கேட்பீர்கள். தரமாட்டேன். ஒரு சொல்லுக்கு ஒரு சொல் என்று கேட்பதே நாம் விழுந்த குழி. வீட்டின்மேல் இருப்பது தொட்டி. இதற்குப் பெருமுயற்சி வேண்டியதில்லை. நம் பாட்டியர் சொன்ன சொல்லே. இன்று அதையும் விட்டு 'சின்டெக்சு' என்று ஒரு வணிகப்பெயரால் அழைக்கின்றனர். கலோல் என்னும் குசராத்து ஊரின் ஆலை செய்த நெகிழித் தொட்டியின் பெயர் அது. 'டேங்க்' என்னும் சொல்லும் குசராத்துக் கரையினின்று வந்தது, தொட்டியும் அங்கிருந்தே வந்தது, பொருத்தம்தான்! வண்டியில் இருப்பது எண்ணெய்க்கலம். ஈழத்தமிழர் நீர்த்தாங்கி, எரிபொருள் தாங்கி என எழுதுகின்றனர். ஒலியும் பொருளும் இயைந்த நல்ல ஆக்கம், நாமும் கொள்ளலாம். ஆனால் கண்மாயையும் தாங்கி என்று மாற்றிவிடாதீர்கள். அயற்சொல் செய்த அதே கொலையைத் தமிழ்ச்சொல்லால் செய்ததாகும். போரூர்திக்குத் தகரி என்பாரும் உளர். போரூர்தி என்றாலே போதும் என்பது என் எண்ணம். நீரைச் சேர்த்துக் கசியவிட்டு நிலத்தடி நீரை உயர்த்துவதற்கு அரசு வெட்டுவதைக் கசிவுநீர்க் குட்டை என்று அரசே அழகாகத் தமிழ்ப்படுத்தியிருக்கின்றது, பாராட்டுவோம். அதே அரசு 'குடிமராமத்து' என்னும்போது பாதிச்சொல் அரபு என்பதையும் நினைவூட்டுவோம். உத்தரமேரூர்க் கல்வெட்டில், முதற் பராந்தகன் காலத்தில், 'ஏரி வாரியம்' என்றே ஓர் அவை இருந்தது. ஏரியைக் காப்பதற்கென்று ஊரார் ஆள் தேர்ந்தனர். அச்சொல்லுக்கு என்ன குறை?

ஒரு நற்செய்தியும் உண்டு. 2018 நவம்பர் 16இல் கசா புயல் நம் கீழ்ப்பகுதியைச் சூறையாடிற்று. தென்னையும் பலாவும் வேரோடு சாய்ந்த அக்கொடுமையை ஆலங்குடி, கீரமங்கலம் பக்கத்தார் மறவார். அதன்பின், 2019இல், கொத்தமங்கலம் முதலிய ஊர்களின் இளைஞர்கள் அரசை எதிர்பாராமல் தாமே பணந்திரட்டிக் குளங்களைத் தூர்வாரினர். அவர்கள் தூர்வாரும்போது, "இதன் பெயர் என்ன, நீர் எங்கிருந்து வரும், எங்கே போகும்" என்று ஊர்ப் பெரியவர்களைக் கேட்டாக வேண்டியிருந்தது. வரத்து வாய்க்காலின் பெயர் தெரிந்த கிழவர் ஒருவர் இருந்த ஊரில் வேலை விரைந்தது. அவர் இல்லாத ஊரில் பொறியை வைத்துக் குழியைத்தான் ஆழப்படுத்த முடிந்தது. நீர் வரும் வழி அடைபட்டே கிடந்தது.

ஆகவே உங்களிடம் ஒரு வேலை ஒப்படைக்கின்றேன். ஊருக்குத் திரும்பியதும் ஒரு குறிப்பேடு எடுங்கள். உங்கள் ஊரின் ஒவ்வொரு நீர்நிலைக்கும் மக்கள் வாயில் வழங்கும் பெயரை எழுதுங்கள். அது கண்மாயா, ஏந்தலா, ஊருணியா, குட்டையா என்று எழுதுங்கள். வரத்து வாய்க்கால் எது, கலிங்கு எத்திசையில், கழிநீர் அடுத்து எந்தக் கண்மாய்க்குச் செல்லும், குமிழிக்கல் நிற்கின்றதா, அதில் எழுத்து உண்டா என்று கேட்டறிந்து எழுதுங்கள். எழுபது அகவை கடந்தோரை முதலில் கேளுங்கள், அவர்கள் காத்திருக்கமாட்டார்கள். சேரித் தெருவையும் விட்டுவிடாதீர்கள். மடை திறந்தவரும் கரை காத்தவரும் பெரும்பாலும் அங்கிருந்தவர்களே, பெயர்கள் அங்கேதான் மிகுதியாய்க் கிடைக்கும். அடுத்த திங்கட் கூட்டத்திற்கு அவ்வேடுகளைக் கொண்டு வாருங்கள். அறந்தாங்கி வட்டத்தார் முதலில் படிக்கட்டும். திருமயத்தாரும் ஆலங்குடியாரும் அடுத்துப் படிக்கலாம். நேரம் போதாவிடின் இரவு தங்குவதற்கு ஏற்பாடு செய்துவிடலாம் என்று கூட்டத்தார் இப்பொழுதே சொல்லியிருக்கின்றனர்.